‘பரிசீலனையில் உள்ளது’: சேலத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு ‘எஸ் மினிஸ்டர்’

சேலம் கலெக்டர் அலுவலகத்தில் திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்து, சில வாரம் கழித்து ‘தங்கள் மனு உரிய நடவடிக்கைக்காக வட்டாட்சியருக்கு அனுப்பப்பட்டுள்ளது’ என்று ஒரு தபால் வாங்கியவருக்கு, ‘எஸ் மினிஸ்டர்’ என்ற பிரிட்டிஷ் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரைப் பார்க்க வேறு முன்னறிவு எதுவும் தேவையில்லை. பிரிட்டன் அரசியல் தெரியாதே, லண்டன் கட்சிகள் தெரியாதே என்று தயங்கி இந்தத் தொடரைத் தள்ளிப்போடுபவர்கள் நிறைய. தயங்க வேண்டாம். ‘முடியாது’ என்ற சொல்லே வாயில் வராமல் ஒரு காரியத்தை நடக்கவிடாமல் செய்வது எப்படி? 38 எபிசோடுகளும் சுற்றிச் சுற்றி வருவது இந்த ஒரு கேள்வியைத்தான். அந்த வித்தையை நாம் வாசலில் நின்று பார்த்திருக்கிறோம். இந்தத் தொடர் நம்மை அறைக்குள் கூட்டிப்போய் உட்கார வைத்துக் காட்டுகிறது.

முதலில் அடிப்படை விவரங்கள். பிபிசி 2 அலைவரிசையில் 1980 பிப்ரவரி 25 அன்று முதல் எபிசோடு வந்தது. எழுதியவர்கள் ஆன்டனி ஜே, ஜானதன் லின். ‘எஸ் மினிஸ்டர்’ மூன்று சீசன், சீசனுக்கு ஏழு எபிசோடு. 1984 டிசம்பரில் ‘பார்ட்டி கேம்ஸ்’ என்று ஒரு மணி நேரச் சிறப்பு எபிசோடு. அதன் முடிவில் அமைச்சர் பிரதமராகிவிடுவதால் 1986 ஜனவரியிலிருந்து தொடரின் பெயர் ‘எஸ், பிரைம் மினிஸ்டர்’ ஆகிறது. அது இரண்டு சீசன், சீசனுக்கு எட்டு. 1988 ஜனவரியோடு முடிந்தது. சிறப்பு எபிசோடைத் தவிர மற்றவை அரை மணி நேரம்தான். மொத்தமும் இருபது மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று என்று வைத்தாலும் ஐந்தரை வாரத்தில் முடித்துவிடலாம்.

மூன்றே பேர்தான் தூண்கள். ஜிம் ஹாக்கர், நிர்வாக விவகாரத் துறை என்ற கற்பனைத் துறையின் அமைச்சர். பத்திரிகை ஆசிரியராக இருந்து அரசியலுக்கு வந்தவர். சர் ஹம்ப்ரி ஆப்பிள்பி, அந்தத் துறையின் நிரந்தரச் செயலாளர். பெர்னார்டு வூலி, அமைச்சரின் தனிச் செயலாளர். சோறு போடுவது ஒரு வீடு (அமைச்சர்), பதவி உயர்வு கொடுப்பது இன்னொரு வீடு (ஹம்ப்ரி) என்ற நிலையில் இருப்பவர். ஹாக்கராக பால் எடிங்டன், ஹம்ப்ரியாக நைஜல் ஹாதார்ன், பெர்னார்டாக டெரிக் ஃபோல்ட்ஸ். ஹாக்கர் எந்தக் கட்சி என்று கடைசிவரை சொல்லமாட்டார்கள். வீட்டில் நாலு பேர் நாலு கட்சியாக இருந்தாலும் சண்டை வராமல் சேர்ந்து பார்க்க முடிவது இதனால்தான். நாடாளுமன்றக் காட்சிகளும் கிட்டத்தட்ட இல்லை. மூடிய அறை, மேசை, ஃபைல், மூன்று நாற்காலி. இவ்வளவுதான் முதலீடு.

முதல் எபிசோடிலேயே தொனி பிடிபட்டுவிடும். துறையில் யார் யார் இருக்கிறார்கள் என்று புது அமைச்சர் கேட்கிறார். நிரந்தரச் செயலாளர், அமைச்சரின் தனிச் செயலாளர், நிரந்தரச் செயலாளருக்கு ஒரு தனிச் செயலாளர், அதற்குக் கீழே 10 துணைச் செயலாளர், 87 சார்புச் செயலாளர், 219 உதவிச் செயலாளர் என்று ஹம்ப்ரி அடுக்குகிறார். இத்தனை ‘செக்ரட்டரி’களைக் கேட்ட அமைச்சர், இவர்கள் எல்லாருக்கும் டைப் அடிக்கத் தெரியுமா என்கிறார். எங்களில் ஒருவருக்கும் தெரியாது, டைப் அடிக்க ஓர் அம்மா தனியாக இருக்கிறார் என்று பதில் வருகிறது. வெறும் சிரிப்புக்காக வைத்த இடமல்ல இது. அதிகாரம் எங்கே இருக்கிறது, வேலை எங்கே நடக்கிறது என்ற இரண்டையும் ஒரே நிமிடத்தில் பிரித்துக் காட்டிவிடுகிறார்கள்.

இங்கே நம்மூர்க்காரர் ஒரு விஷயத்தைக் கவனித்து வைத்துக்கொள்ள வேண்டும். பிரிட்டனில் அமைச்சர் வருவார், போவார். செயலாளர் அதே துறையில் வேரோடியிருப்பார். நம் மாவட்டத்தில் கலெக்டரே ஓரிரு வருடத்தில் மாற்றலாகிப் போகிறார். ஆகவே ஹம்ப்ரியை ஐ.ஏ.எஸ். அதிகாரியோடு பொருத்திப் பார்த்தால் பாதிதான் பொருந்தும். எந்த ஃபைல் எந்த அலமாரியில் இருக்கிறது, எந்த விதியை எடுத்துப் போட்டால் அது மறுபடி ஆறு மாதம் தூங்கும் என்று தெரிந்து ஒரே பிரிவில் ஆண்டுக்கணக்கில் இருப்பவர் யாரோ, அவரிடம்தான் ஹம்ப்ரியின் உண்மையான பலம் இருக்கிறது. இந்தத் திருத்தத்தை மனதில் போட்டுக்கொண்டு பார்த்தால் காட்சிக்குக் காட்சி நம்ம ஊர் துலங்கும்.

நம்ம ஊர் அலுவலகத்துக்கும் பிரிட்டனுக்கும் உள்ள இந்த உறவு தற்செயலாக வந்ததும் அல்ல. மூன்றாம் மைசூர்ப் போருக்குப் பிறகு 1792-இல் பாராமகாலும் சேலமும் கம்பெனி கைக்கு வந்தபோது அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் வந்து நிலத்தை அளந்து, கணக்கெழுதி, உழவரிடமே நேரடியாக நிலவரி வாங்கும் ரயத்துவாரி முறைக்கு அடித்தளம் போட்டது இந்த மண்ணில்தான். சேர்வராயன் மலைக்குக் காபியைக் கொண்டுவந்த காக்பர்ன் 1820களில் சேலம் கலெக்டர். இன்னொன்று: கட்சிச் சார்பற்ற, தேர்வு எழுதி வரும் நிரந்தர அதிகாரி வர்க்கம் வேண்டும் என்று பிரிட்டனில் 1854-இல் அறிக்கை எழுதிய இருவரில் ஒருவர் சார்லஸ் டிரெவெல்யன். ஹம்ப்ரியின் பரம்பரையே அந்த அறிக்கையிலிருந்து தொடங்குகிறது. அதே டிரெவெல்யன் 1859-இல் சென்னை மாகாண கவர்னராக வந்தார். மேலிடத்தின் வரித் திட்டத்துக்கு எதிரான தன் கருத்தைப் பகிரங்கமாக வெளியிட்டதற்காக 1860-இல் திருப்பி அழைக்கப்பட்டார். ஃபைலுக்குள் இருக்க வேண்டியதை வெளியே விட்டால் என்ன ஆகும் என்பதைத் தன் வாழ்க்கையிலேயே காட்டிவிட்டுப் போன மனிதர் அவர்.

இனி மொழி. இந்தத் தொடரின் ருசியில் முக்கால் பங்கு அதில்தான் இருக்கிறது. பலர் பாதியில் நிறுத்துவதும் அதனால்தான். ஹம்ப்ரி சிக்கலில் மாட்டும்போதெல்லாம் ஒரே மூச்சில் எட்டு வரிக்கு ஒரு வாக்கியம் பேசுவார். ஆங்கிலத்தில் யார் என்ன செய்தார் என்பது வாக்கியத்தின் தொடக்கத்திலேயே வந்துவிடும். ஹம்ப்ரி அதை வேண்டுமென்றே கடைசிக்குத் தள்ளுகிறார். ஆங்கிலேயருக்கு மூச்சு முட்டுகிறது. தமிழருக்கு முட்டக் கூடாது, ஏனென்றால் வினைச்சொல்லுக்காக வாக்கியத்தின் கடைசிவரை காத்திருப்பது நமக்குப் பிறவிப் பழக்கம். ‘பார்வையில் காணும் தங்கள் மனுவில் கோரப்பட்டுள்ளவாறு, மேற்படி நிலம் தொடர்பாக வட்டாட்சியரின் அறிக்கை பெறப்பட்டு, அதன் மீது சார் ஆட்சியரின் கருத்துரு கோரப்பட்டுள்ள நிலையில், கருத்துரு வரப்பெற்றதும் விதிகளுக்குட்பட்டுப் பரிசீலிக்கப்படும் என்ற விவரம் தெரிவிக்கலாகிறது’ என்ற நடை நமக்குப் புதிதா? ஹம்ப்ரி பேசுவது இதே நடைதான். நடுவில் வரும் ஒவ்வொரு துணை வாக்கியத்தையும் பிடிக்கப் போகாதீர்கள். கடைசிச் சொல் வரும்வரை விட்டுவிட்டு, அது வந்ததும் பின்னாலிருந்து அவிழுங்கள். முதல் தடவை பிடிபடாவிட்டால் பத்து நொடி பின்னால் தள்ளி இன்னொரு தடவை கேளுங்கள். மூன்றாவது எபிசோடில் காது பழகிவிடும்.

நீளமான வாக்கியங்களைவிட ஆபத்தானவை சின்னச் சொற்கள். ஓர் அதிகாரி அமைச்சரின் யோசனையைப் பாராட்டுகிற மாதிரிச் சொல்லும் ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் உள்ளர்த்தம் இருக்கிறது. ‘சர்ச்சைக்குரியது’ என்றால் ஓட்டுப் போய்விடும். ‘துணிச்சலானது’ என்றால் தேர்தலிலேயே தோற்றுவிடுவீர்கள். முதல் சீசனின் ஆறாவது எபிசோடில் இது வருகிறது. ‘துணிச்சலான முடிவு’ என்று கேட்ட மறுகணம் ஹாக்கரின் முகம் வெளிறுவதைப் பார்க்க வேண்டும். அந்த எபிசோடின் பெயர் ‘தி ரைட் டு நோ’. தமிழில் சொன்னால் தகவல் அறியும் உரிமை! துறையில் நடப்பது எல்லாம் தனக்குத் தெரிய வேண்டும் என்று அமைச்சர் அடம்பிடிக்கிறார். சரி என்று சொல்லி, வேண்டியது வேண்டாதது எல்லாவற்றையும் பெட்டி பெட்டியாக வீட்டுக்கு அனுப்பி அவரை மூழ்கடிக்கிறார்கள். தகவலை மறைக்க இரண்டு வழி: கொடுக்காமல் இருப்பது ஒன்று, அளவில்லாமல் கொடுப்பது இன்னொன்று. இதே எபிசோடில் ஒரு காட்டுத் துண்டில் வளைக்கரடிகளின் (பேட்ஜர்) பாதுகாப்பை எடுத்துவிடும் ஆணைக்கு அமைச்சரின் மகளே எதிர்ப்புத் தெரிவிக்கிறாள். அங்கே அந்த விலங்குகளே இல்லை என்று ஹம்ப்ரி ஒரே பேச்சில் அவளைச் சமாதானப்படுத்துகிறார். அது உண்மையா என்று கேட்கப் போன அமைச்சருக்கு, உண்மை தெரிந்தே ஆக வேண்டுமா என்ற எதிர்க்கேள்விதான் கிடைக்கிறது. எஸ்டேட் ஓரத்தில் காட்டெருமை நிற்பதைக் கண்ணால் பார்த்த ஏற்காட்டுக்காரருக்கு, காகிதத்தில் ஒரு விலங்கை இல்லாமல் ஆக்குவது எவ்வளவு சுலபம் என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

எல்லாவற்றையும் விட, கையில் எடுத்து உபயோகிக்கக்கூடிய ஒரு பாடம் ‘எஸ், பிரைம் மினிஸ்டர்’ முதல் சீசனின் இரண்டாவது எபிசோடான ‘தி மினிஸ்டீரியல் பிராட்காஸ்ட்’டில் இருக்கிறது. கட்டாய ராணுவ சேவையைத் திரும்பக் கொண்டுவரப் பிரதமர் நினைக்கிறார். மக்கள் ஆதரவு இருப்பதாகக் கட்சி எடுத்த கருத்துக்கணிப்பு சொல்கிறது. மக்கள் எதிர்க்கிறார்கள் என்று இன்னொரு கணிப்பு எடுத்துவிடலாமே என்கிறார் ஹம்ப்ரி. ஒரே மக்கள் எப்படி இரண்டும் சொல்வார்கள் என்று பெர்னார்டு குழம்ப, அவரை நிற்கவைத்தே ஹம்ப்ரி செய்து காட்டுகிறார். முதல் வரிசையில் ஐந்து சின்னக் கேள்விகள்: வேலையில்லாத இளைஞர்கள், பதின்வயதினரின் குற்றங்கள், பள்ளிகளில் ஒழுக்கக் குறைவு, வழிகாட்ட ஒரு தலைமை, சவாலை ஏற்கும் வயது. எல்லாவற்றுக்கும் ‘ஆமாம்’தான் வரும். ஆறாவதாகக் கட்டாய சேவை வேண்டுமா என்று கேட்டால் வாய் தானாக ‘ஆமாம்’ என்கிறது. பிறகு இரண்டாவது வரிசை: போர் அபாயம், ஆயுதக் குவிப்பு, பிள்ளைகள் கையில் துப்பாக்கி கொடுத்துக் கொல்லப் பழக்குவது, விருப்பமில்லாதவரை வலுக்கட்டாயமாக அழைப்பது. இப்போது கட்டாய சேவையை எதிர்க்கிறீர்களா என்றால் அதே பெர்னார்டு அதே வேகத்தில் ‘ஆமாம்’ என்கிறார்.

இதன் இயந்திரத்தைப் புரிந்துகொள்ள, நம்மூர் விஷயம் ஒன்றில் பொருத்திப் பார்க்கலாம். ஏற்காட்டுக்குக் கார் வரத்தைக் கட்டுப்படுத்தலாமா என்று கணிப்பு எடுப்பதாக வைத்துக்கொள்வோம். கோடை விழா நாட்களில் 20 கொண்டை ஊசி வளைவிலும் வண்டி தேங்குவது உங்களுக்குக் கவலையா? அதில் ஓர் ஆம்புலன்ஸ் மாட்டிக்கொண்டால்? மலையில் பிளாஸ்டிக் சேர்வது சரியா? அடுத்த தலைமுறைக்கும் இந்தக் குளிர் வேண்டாமா? அப்படியானால் கார்களைக் கட்டுப்படுத்தலாமா? இது ஒரு வரிசை. சீசன் வியாபாரத்தை நம்பிய சிறு கடைக்காரர் பிழைக்க வேண்டாமா? மலைக் கிராமத்துக்காரர் சொந்த வீட்டுக்குப் போக அனுமதிச் சீட்டு காட்டி நிற்பது நியாயமா? வயதான பெற்றோரோடு வருபவர் பஸ்ஸில் நின்றுகொண்டு வர முடியுமா? அப்படியானால் கார்களைக் கட்டுப்படுத்துவதை எதிர்க்கிறீர்களா? இது இன்னொரு வரிசை. இரண்டு தாளும் ஒரே ஆளிடம் போனால் இரண்டிலும் ஆமாம்தான் வரும். கடைசிக் கேள்வியின் முடிவை மட்டும் பத்திரிகைக்குக் கொடுப்பார்கள். எனவே எந்தக் கணிப்பைப் படித்தாலும், கடைசிக் கேள்விக்கு முன்னால் என்ன கேட்டார்கள், எந்த வரிசையில் கேட்டார்கள் என்று தேடுங்கள். இந்த ஒரு காட்சிக்காக மட்டும் முழுத் தொடரையும் வாங்கலாம். கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுப்பவர்கள் வகுப்பில் போட்டுக் காட்ட வேண்டிய காட்சி.

அதே எபிசோடில், பிரதமர் தொலைக்காட்சியில் பேசும்போது பின்னணி எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு சூத்திரம் வருகிறது. பேச்சில் புதிய விஷயம் இருந்தால் கறுப்புக் கோட்டும் பழைய மரப் பலகைச் சுவரும். புதிதாக ஒன்றும் இல்லையென்றால் நவீன மேசை நாற்காலியும் நவீன ஓவியமும். இதைப் பார்த்த பிறகு எந்தத் தலைவரின் பேட்டியையும் பின்னணியைப் பார்க்காமல் கேட்க முடியாது.

இரண்டாவதாக நெருங்கிப் பார்க்க வேண்டியது மூன்றாவது சீசனின் ‘தி ஸ்கெலிட்டன் இன் தி கப்போர்டு’. முப்பது வருடத்துக்கு முன் ஓர் இளம் அதிகாரி ஒரு தீவு நிலத்தின் குத்தகைக் காகிதத்தில் செய்த தவறால் அரசுக்கு 4 கோடி பவுண்டு நஷ்டம். அந்த ஃபைல் இப்போது வெளியே வர வேண்டிய நேரம். அந்த இளம் அதிகாரி யார் என்பது பாதியில் தெரியும்போது ஹம்ப்ரியாக நடிக்கும் ஹாதார்ன் சுருங்கிப்போவதைப் பாருங்கள். அவர் உடம்பே ஒரு அளவு குறைந்த மாதிரி இருக்கும். கடைசியில் ஃபைலை வெளியிடும்போது மேலே வைக்கும் குறிப்பு ஒன்றை அமைச்சர் படிக்கிறார். எல்லாக் காகிதங்களும் இதில் உள்ளன, சிலவற்றைத் தவிர: ரகசிய ஆவணங்கள் கொஞ்சம், நடப்பில் உள்ள கோப்புகளுக்குப் போனவை, 1967 வெள்ளத்தில் போனவை, அலுவலகம் லண்டனுக்கு மாறியபோது தொலைந்தவை, துறைகள் இணைந்தபோது தவறியவை, அவதூறு வழக்குக்கோ நம்பிக்கை மீறல் வழக்குக்கோ இடம் கொடுப்பவை, நட்பு நாடுகளுக்குச் சங்கடம் தருபவை. 1967-இல் குளிர்காலம் அவ்வளவு மோசமா என்று அமைச்சர் கேட்கிறார். அருமையான குளிர்காலம், சங்கடமான ஃபைல்கள் எத்தனையோ போயின என்று பதில். இத்தனையும் கழித்தால் எத்தனை காகிதம் மிஞ்சும்? நூறா என்று தொடங்கி, ஐம்பதா, பத்தா, ஐந்தா என்று இறங்கி, ஒவ்வொன்றாகப் பூஜ்யம்வரை வருகிறார் ஹாக்கர். பூஜ்யத்தில்தான் ‘எஸ், மினிஸ்டர்’. அந்த இறக்கத்தில் எண்ணுக்கும் எண்ணுக்கும் நடுவே விடும் மௌனத்தின் அளவை ஒரு மேடை நாடகக்காரர் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுபவர்கள் இந்தக் காட்சியைக் கையேடாகவே வைத்துக்கொள்ளலாம். நம் சட்டம் 2005 அக்டோபர் 12 அன்று முழுமையாக நடைமுறைக்கு வந்தது. பிரிட்டனின் சட்டமும் அதே 2005-இல் ஜனவரி 1 அன்றுதான். தொடர் வந்த காலத்தில் அங்கே அப்படி ஒரு சட்டமே இல்லை. ஹம்ப்ரியின் பட்டியலில் வரும் நட்பு நாடு, நம்பிக்கையில் கொடுத்த தகவல் போன்றவை நம் சட்டத்தின் 8-ஆம் பிரிவிலும் விலக்குகளாக இருக்கின்றன. ஆனால் வெள்ளத்தில் போனது, இடம் மாறியபோது தொலைந்தது என்ற காரணங்களுக்கு அந்தப் பிரிவில் இடமில்லை. ‘கோப்பு கிடைக்கவில்லை’ என்று பதில் வந்தால் அது விலக்கு ஆகாது. 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு போட வேண்டும்.

‘தி கம்பாஷனேட் சொசைட்டி’ என்ற இரண்டாவது சீசனின் முதல் எபிசோடை யாருக்கும் முதலில் போட்டுக் காட்டலாம். புதிதாகக் கட்டிய ஆஸ்பத்திரி. சுமார் ஐந்நூறு ஊழியர். நோயாளி ஒருவர்கூட இல்லை. நோயாளி இல்லாவிட்டாலும் நிர்வாகத்துக்கு வேலை இருக்கும் அல்லவா என்று நேர்மையாகவே வாதாடுகிறார்கள். வட்டாரத்திலேயே சுத்தமான ஆஸ்பத்திரி என்ற பரிசுக்கும் அது போட்டியில் இருக்கிறது. 1993-இல் திறந்து, பல ஆண்டு வழக்கமான விமானமே இல்லாமல் கிடந்து, 2018 மார்ச்சில் சிறு நகரங்களுக்கு விமானம் விடும் உடான் திட்டத்தில் சென்னை விமானம் வந்து இறங்கிய காமலாபுரம் விமான நிலையத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கதை அந்நியம் அல்ல. வாதம் அபத்தமாக இருக்கிறது, ஆனால் அதில் எந்தப் படி தப்பு என்று விரல் வைக்க முடியவில்லை. இந்தத் தொடரின் எழுத்து நிற்கும் உயரம் இதுதான்.

வேண்டாத அறிக்கையை ஒழிக்கும் நான்கு படிகள் ‘தி கிரீஸி போல்’ எபிசோடில் வருகின்றன. ஒரு ரசாயன ஆலை பற்றிய கதை. மேட்டூர் ஆலைகளைப் பற்றிப் பேசிப் பழகிய நம் மாவட்டத்துக்கு நேராகப் பாயும். முதல் படி, பொதுநலன் கருதி வெளியிட வேண்டாம் என்பது. இரண்டாவது, வெளியிடாத அறிக்கையின் ஆதாரங்கள் தெளிவாக இல்லை, புள்ளிவிவரங்களுக்கு வேறு பொருளும் கொள்ளலாம் என்பது. மூன்றாவது, பரிந்துரைகளை அரிப்பது. அதுவும் பலிக்காவிட்டால் நான்காவது, எழுதியவரையே அரிப்பது. வெளிநாட்டு நெருக்கடிக்கும் இதே மாதிரி நான்கு படி ‘எ விக்டரி ஃபார் டெமாக்ரசி’யில் உண்டு: ஒன்றும் நடக்காது; நடக்கலாம், ஆனால் நாம் தலையிட வேண்டாம்; தலையிட வேண்டும்தான், ஆனால் நம்மால் ஆகாது; அப்போதே செய்திருக்கலாம், இப்போது காலம் கடந்துவிட்டது.

நடிப்பில் எல்லாரும் ஹாதார்னைத்தான் பேசுவார்கள். இந்த வேடத்துக்காக நான்கு முறை பிரிட்டனின் பாஃப்டா விருது வாங்கியவர், தகுந்த பாராட்டுதான். ஆனால் எடிங்டனின் வேலை அதைவிடக் கடினம் என்பது என் தீர்மானமான கருத்து. ஹம்ப்ரி பேசி முடிக்கும்வரை அவருக்கு வசனம் கிடையாது. புரியாமை, சந்தேகம், பயம், தந்திரம் நான்கும் முகத்திலேயே வந்து போக வேண்டும். அடுத்த முறை பார்க்கும்போது ஹம்ப்ரியின் நீண்ட பேச்சில் கண்ணை ஹாக்கர் மேல் வையுங்கள். உணர்ச்சி வசப்பட்டால் அவர் குரல் சர்ச்சில் மாதிரி மாறுவதும் அப்போதுதான் காதில் விழும். சிரிப்பொலி அரங்கில் உட்கார்ந்திருந்த உண்மையான பார்வையாளர்களுடையது. அதற்கு இடம் விட்டுப் பேசும் கணக்கில் மூவரும் ஒரு நொடிகூடத் தவறுவதில்லை.

குறைகள் இல்லாமல் இல்லை. பெண்கள் மிகக் குறைவு. அமைச்சரின் மனைவி ஆனி, பிறகு பிரதமரின் அரசியல் ஆலோசகராக வரும் டொரத்தி இருவரைத் தவிர நிலையாக வரும் பெண் பாத்திரமே இல்லை. ‘தி அஃபிஷியல் விசிட்’, ‘தி மாரல் டைமென்ஷன்’ இரண்டிலும் ஆப்பிரிக்க, அரபு நாடுகளைக் காட்டும் விதம் அந்தக் கால லண்டனின் பார்வை. இன்று பார்க்கும்போது உறுத்தும். முதல் சீசனில் வரும் அரசியல் ஆலோசகர் ஃபிராங்க் வைசல் பாத்திரம் கதையை நகர்த்துவதைவிடத் தடுக்கிறது. பிரிட்டிஷ் பட்டப் பெயர்களை வைத்த நகைச்சுவை, பெர்னார்டின் லத்தீன் இலக்கணத் திருத்தங்கள் நமக்குச் சேராது. சேராத இடத்தில் நின்று மெனக்கெட வேண்டாம்; அடுத்த காட்சிக்குப் போய்விடுங்கள்.

சிரிப்புத் தொடர்தானே என்று நினைப்பவர்கள் மூன்றாவது சீசனின் ‘தி விஸ்கி பிரீஸ்ட்’டைத் தனியாகப் பார்க்க வேண்டும். பிரிட்டிஷ் ஆயுதங்கள் பயங்கரவாதிகள் கைக்குப் போவது அமைச்சருக்குத் தெரிந்துவிடுகிறது. நல்லது கெட்டது பற்றி அவர் பேச, அரசு என்பது ஒழுங்கா குழப்பமா என்பது மட்டும்தான் என்கிறார் ஹம்ப்ரி. இதுவரை பதினொரு அரசுகளிடம் வேலை பார்த்தாயிற்று. எல்லாக் கொள்கையையும் நம்பியிருந்தால் உருக்காலைகளை அரசுடைமையாக்கு, தனியாருக்கு விடு, மறுபடி அரசுடைமையாக்கு என்று மாறி மாறி நம்பிப் பைத்தியம் பிடித்திருக்கும் என்கிறார். சேலம் உருக்காலையை விற்பதா வேண்டாமா என்ற பேச்சைக் கேட்டுச் சலித்தவர்களுக்கு இந்த வாதத்தின் வலியும் புரியும், அதில் உள்ள நியாயமும் புரியும். ஹாக்கர் கடைசியில் கோழையாகிறார். யாரும் சிரிப்பதில்லை.

வாங்கும் விஷயத்துக்கு வருவோம். பிரிட்டனில் வந்த டிவிடி தொகுப்புகள் மண்டலம் 2 (வட்டு எந்த நாட்டு பிளேயரில் ஓடும் என்பதைக் குறிக்கும் எண் இது). இந்தியாவுக்கு உரியது மண்டலம் 5. டிவி படமுறையில் சிக்கல் இல்லை, இரண்டு நாடுகளிலும் அதே ‘பால்’ (PAL) முறைதான். பிளேயர் எல்லா மண்டலத்தையும் ஏற்குமா என்று கடையில் வட்டைப் போட்டுப் பார்த்து வாங்குங்கள். கணினியில் போடுபவர்கள் மண்டலத்தை மாற்றச் சொல்லிக் கேட்டால் ஒப்புக்கொள்ளும் முன் யோசியுங்கள். டிரைவ் ஐந்து முறைக்கு மேல் மாற்ற விடாது, ஐந்தாவதில் பூட்டிக்கொள்ளும். அமெரிக்கத் தொகுப்பு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். அது மண்டலம் 1, தவிர வேறு படமுறைக்கு மாற்றியது. அசைவுகள் வெட்டி வெட்டி வரும். உறையின் பின்பக்கம் ஆங்கில வசன வரி உண்டா என்று பார்ப்பது முக்கியம். ஹம்ப்ரியின் பேச்சைப் படித்துக்கொண்டே கேட்பதுதான் சுகம்.

படம் 4:3 அளவில் எடுத்தது. டிவியில் அகலத்தை நிரப்பும் அமைப்பை அணைத்துவிட்டு ‘ஒரிஜினல்’ அல்லது 4:3 வையுங்கள். இல்லாவிட்டால் முகங்கள் பரந்துபோகும், இந்தத் தொடரில் முகம் போனால் எல்லாம் போச்சு. அசையும்போது ஓரங்களில் சீப்புப் பல் மாதிரிக் கோடு தெரிந்தால் வி.எல்.சி.யில் வீடியோ பட்டியலில் ‘டி-இன்டர்லேஸ்’ போட்டால் போய்விடும். அறைக்குள் எடுத்த காட்சி வீடியோவிலும் வெளியில் எடுத்தது ஃபிலிமிலும் இருப்பதால், கதவைத் தாண்டியதும் படம் திடீரென்று மங்கும். வட்டில் கோளாறு இல்லை, அக்கால பிபிசி வழக்கம் அது. முகப்பில் வரும் கோணல் மூக்கு ஓவியங்கள் ஜெரால்டு ஸ்கார்ஃப் வரைந்தவை. நாடாளுமன்ற மணியோசையை எடுத்து இசை அமைத்தவர் ரோனி ஹேசல்ஹர்ஸ்ட். 2001-இல் ஸ்டார் பிளஸில் ஃபாரூக் ஷேக், ஜெயந்த் கிருபளானி நடிப்பில் ‘ஜி மந்திரிஜி’ என்று இந்தியில் வந்தது. ஷேக்கின் நடிப்பு நன்றாகவே இருக்கும், ஆனால் மூலத்துக்குப் பிறகு பாருங்கள்.

பார்க்கும் வரிசைக்கு ஒரு யோசனை. முதல் எபிசோடு, அடுத்து ‘தி கம்பாஷனேட் சொசைட்டி’, ‘தி ரைட் டு நோ’, ‘தி ஸ்கெலிட்டன் இன் தி கப்போர்டு’. இந்த நான்கில் பிடிக்காவிட்டால் விட்டுவிடலாம். பிடித்துவிட்டால் முதலிலிருந்து வரிசையாகப் போய் ‘பார்ட்டி கேம்ஸ்’ வரை நிறுத்தாமல் பாருங்கள். அதற்குப் பிறகு ஒரு வாரம் இடைவெளி விடுங்கள். பிரதமர் ஹாக்கர் பழைய ஹாக்கர் அல்ல, வித்தை கற்றுக்கொண்டவர். அந்த மாற்றம் இடைவெளி விட்டால்தான் கண்ணில் படும். ‘தி கீ’ என்ற எபிசோடில் பிரதமர் இல்லத்துக்குள் நுழையும் இடைக்கதவின் சாவியை ஹம்ப்ரியிடமிருந்து பிடுங்கிவிடுகிறார்கள். அத்தனை வாக்கியம் பேசிய மனிதர் ஒரு சாவி இல்லாமல் ஜன்னல் விளிம்பில் நடக்கிறார்.

‘தி டேங்கிள்டு வெப்’பை மட்டும் எக்காரணத்துக்காகவும் முன்னால் எடுத்துப் பார்க்காதீர்கள், அதுதான் கடைசி எபிசோடு. தெரியாமல் நாடாளுமன்றத்தில் பொய் சொல்லிவிட்ட ஹாக்கரைக் காப்பாற்ற, விசாரணைக் குழு முன்னால் தானும் பொய் சொல்ல ஹம்ப்ரி மறுக்கிறார். அதே வாரம் ஒரு வானொலிப் பேட்டி முடிந்ததும், பதிவு ஓடிக்கொண்டிருப்பது தெரியாமல் வேலையில்லாதவர்களைப் பற்றி மனதில் இருப்பதைப் பேசிவிடுகிறார். ஒலிநாடா பெர்னார்டு வழியாக ஹாக்கர் கைக்கு வருகிறது. அவர் அதை ஓடவிட்டு, ஒன்றும் சொல்லாமல், ஹம்ப்ரியின் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.